வரைபடத்தில் நம் ஊர்க் கடைகளை வகைப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் கூட்டு வரைபடத்தில் கடைகளின் வகையைத் திருத்தும் வேலைக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கங்களிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் என்னிடம் கேட்டு வந்தார்கள். தெருவில் நடந்துகொண்டும், பேருந்தில் திரும்பும்போதும், கைப்பேசியிலும் சொல்லி வந்த பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். ஓரிடம் எந்த வகை என்று வரைபடத்துக்குச் சொல்பவை குறிச்சொற்கள்; அவற்றைத் திருத்தியில், அதாவது வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளில், ஆங்கில எழுத்துகளில்தான் உள்ளிட வேண்டும். இங்கே அவற்றை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன்.

ஏனுங்க, கூகுள் மேப்புலதான் எல்லாக் கடையும் இருக்குதே, இன்னொரு மேப்பு எதுக்குங்க?

கூகுள் வரைபடத்தை நாம் பார்க்கலாம். அதற்குள் இருக்கும் தரவை எடுத்து நம் தேவைக்குப் பயன்படுத்த முடியாது. ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் தரவை எடுத்துக்கொள்ளலாம். 2012 முதல் அது திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வெளிவருகிறது. ஒரு கல்லூரி மாணவர் தம் ஊருக்கென ஒரு செயலி செய்ய விரும்பினாலும், ஓர் ஊராட்சி தன் எல்லைக்குள் எத்தனை மருந்துக் கடைகள் உள்ளன என்று பார்க்க விரும்பினாலும், யாரிடமும் அனுமதி கேட்கவோ பணம் கட்டவோ தேவையில்லை.

இன்னொரு பயனும் உண்டு. ஓஸ்மஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இந்தத் தரவைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கின்றன. திம்பம் மலைப்பாதையில் ஏறித் தாளவாடிக்குப் போகிறவருக்குச் சிக்னல் அறுந்துவிட்டாலும் வரைபடம் அறுவதில்லை. அந்த வரைபடத்தில் தாளவாடியின் கடைகள் இருக்குமா என்பது நம்மைப் போன்றவர்கள் அங்கே போய்க் குறித்தார்களா என்பதைப் பொறுத்தது.

கடைதான் ஏற்கனவே மேப்புல இருக்குதுங்களே, "ஷாப் = எஸ்"னு போட்டிருக்குது. அப்புறம் நாம திருத்தறதுக்கு என்ன இருக்குது?

ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் இரண்டு பாதிகள் உண்டு. இடப்பாதி இது எந்த இனம் என்று சொல்லும். வலப்பாதி அந்த இனத்தில் எது என்று சொல்லும். "ஷாப் = பைசிக்கிள்" என்றால் மிதிவண்டிக் கடை. "ஷாப் = எஸ்" என்றால் இங்கே ஏதோ ஒரு கடை இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவசரத்தில் குறித்தவர்களும், வெளியூரிலிருந்து படம் பார்த்து வரைந்தவர்களும் அப்படி விட்டுச் சென்ற புள்ளிகள் நம் பகுதியில் ஏராளம்.

தாராபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வண்டிக்கு டயர் எங்கே கிடைக்கும் என்று செயலியில் தேடுகிறவருக்கு "எஸ்" என்று குறித்த புள்ளி எந்த வகையிலும் கண்ணில் படாது. செயலிகள் வகையை வைத்துத்தான் தேடுகின்றன. வகை இல்லாத கடை வரைபடத்தில் இருந்தும், தேடுகிறவருக்கு இல்லாததுதான்.

எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதுங்க. போன்லயே பண்ணிப்போடலாமுங்களா?

தாராளமாக. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்னும் செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி விடை தெரியாத புள்ளிகளைக் காட்டி, "இது என்ன கடை?" என்று கேள்வியாகவே கேட்கும்; குறிச்சொல் ஒன்றும் தெரியாமலே பதில் சொல்லலாம். கடைவீதி முழுவதையும் வரிசையாகக் குறிக்க எவ்ரி டோர் என்னும் செயலி கைகொடுக்கும். அது ஐபோனிலும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க உலாவியிலேயே திறக்கும் ஐடி என்னும் திருத்தி போதும். ஜோசம் என்னும் கணினி மென்பொருளைப் பழகிய பின் பார்த்துக்கொள்ளலாம்.

போர்டுல என்ன எழுதியிருக்குதோ அதையே வகையா போட்டா தப்புங்களா?

பல நேரங்களில் தப்பு. நம்மிடம் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு வழியாகத்தான் வருகிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நம் ஊர்ப் பலகைகளில் உள்ள ஆங்கிலச் சொற்கள் நம் ஊரில் ஒரு பொருளையும், குறிச்சொல்லில் வேறொரு பொருளையும் தருகின்றன. "டிபார்ட்மென்டல் ஸ்டோர்ஸ்" என்ற பலகையின் கீழே பெரும்பாலும் இருப்பது, நாமே கூடையில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் மளிகைக் கடை. குறிச்சொல்லில் "டிபார்ட்மென்ட் ஸ்டோர்" என்பது துணி, பாத்திரம், அழகுப்பொருள், வீட்டுச் சாமான் என்று பிரிவு பிரிவாக மாடிகள் நிறைந்த பெருங்கடை. பலகையை நம்பி வகை போட்டால், இருபதடிக்கு இருபதடி மளிகைக் கடை வரைபடத்தில் பேரங்காடியாகிவிடும்.

"ஹோட்டல்" என்று எழுதியிருந்தால் நமக்கு இட்லி கிடைக்கும் இடம்; குறிச்சொல்லில் "டூரிசம் = ஹோட்டல்" என்பது அறை எடுத்துத் தங்கும் இடம். சாப்பாட்டுக் கடைக்கும் மெஸ்ஸுக்கும் "அமெனிட்டி = ரெஸ்டாரன்ட்" என்பதே சரி. "ஷாப் = டீ" என்பது தேயிலைத் தூளை விற்கும் கடை; கண்ணாடி டம்ளரில் தேநீர் தரும் டீக்கடைக்கு "அமெனிட்டி = கஃபே" பொருந்தும். "ஹார்டுவேர்ஸ்" என்பது ஆணி, தாழ்ப்பாள், குழாய் விற்கும் கடையாகவும் இருக்கலாம், கணினி உதிரிப்பாகம் விற்கும் கடையாகவும் இருக்கலாம்; முன்னது "ஷாப் = ஹார்டுவேர்", பின்னது "ஷாப் = கம்ப்யூட்டர்". "எலக்ட்ரிக்கல்ஸ்" என்ற கடையில் ஒயரும் சுவிட்சும் தொங்கினால் "எலக்ட்ரிக்கல்". தொலைக்காட்சியும் ஸ்பீக்கரும் இருந்தால் "எலக்ட்ரானிக்ஸ்".

ஆகவே பலகையைப் படித்தபின் வாசலில் ஒரு நிமிடம் நின்று உள்ளே பாருங்கள். கையில் பணத்தோடு வருகிற ஒருவர் இங்கிருந்து எதை வாங்கிக்கொண்டு போவார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் வகையும் கிடைத்துவிடும்.

சின்ன மளிகைக்கடைக்குக் கன்வீனியன்ஸா, சூப்பர்மார்க்கெட்டா, ஜெனரலா? எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்குது?

கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கும் தெருமுனை மளிகைக் கடைக்கு "கன்வீனியன்ஸ்" போடுங்கள். நாமே உள்ளே சென்று அடுக்குகளுக்கிடையே நடந்து எடுக்கும்படியும், காய்கறி, பால், சோப்பு, வீட்டுச் சாமான் எல்லாம் நிறைவாகக் கிடைக்கும்படியும் இருந்தால் "சூப்பர்மார்க்கெட்". "ஜெனரல்" என்பது உணவுப்பொருளோடு வாளி, கயிறு, துணி, மண்வெட்டிப்பிடி வரை எல்லாவற்றையும் வைத்திருக்கும் கிராமத்துக் கடைக்கு உரியது. சிற்றூர்களில் அப்படிப்பட்ட கடைகள் இன்றும் இருக்கின்றன.

காய்கறியும் பழமும் மட்டும் விற்கும் கடையின் பலகையில் "பழமுதிர் நிலையம்" என்றோ "வெஜிடபிள்ஸ்" என்றோ எது இருந்தாலும் அது "கிரீன்கிராசர்". ஆவின் பாலகம் "டெய்ரி". இவற்றையெல்லாம் மளிகையோடு சேர்த்துவிட வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்ப "ஷாப் = கெமிஸ்ட்"னு போட்டேன். யாரோ மாத்தீட்டாங்க. ஏனுங்க?

மாற்றியவர் செய்தது சரி. "கெமிஸ்ட்" என்பது சோப்பு, பற்பசை, அழகுப்பொருள் போன்றவற்றை விற்கும் கடை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்து அங்கே கிடைக்காது. நம் ஊர் மெடிக்கல் ஷாப் "அமெனிட்டி = ஃபார்மசி". இதன் இடப்பாதியே "ஷாப்" இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பிழையை நான் மற்றவற்றைவிடக் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருந்துக் கடை தேடுகிறவர் "ஃபார்மசி" என்ற வகையைத்தான் தட்டுவார். கெமிஸ்ட் என்று குறித்த கடை அடுத்த தெருவில் திறந்திருந்தாலும் பட்டியலில் வராது. மருந்துக் கடைகளுக்கு மட்டுமாவது திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் கேட்டு "ஓப்பனிங் அவர்ஸ்" குறிச்சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

எங்கூரு பேக்கரில ரொட்டி வாங்கறவங்களவிட டீக்குடிக்கறவங்கதான் அதிகம். அதுக்கு என்ன போடோணுங்க?

கொங்குப் பகுதியைப் பொறுத்தவரை இது மிக நல்ல கேள்வி. வெளியூர்க்காரர்கள் பேக்கரி என்றால் ரொட்டியும் கேக்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் இடம் என்று நினைப்பார்கள். கோயமுத்தூரிலிருந்து கோபி வரை, பேக்கரி என்பது காலையில் வேலைக்குப் போகும் முன்பும் மாலையில் திரும்பும் வழியிலும் நின்று ஒரு டீயும் பஃப்ஸும் சாப்பிட்டு, நாலு பேரோடு பேசிவிட்டுப் போகும் இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் ஹனி கேக்கும் இருக்கும். ஓரத்தில் டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருப்பார். வாசலில் இருசக்கர வண்டிகள் நிற்கும். "எங்கே இருக்கறீங்க?" என்று கேட்டால் பேக்கரிப் பெயரைத்தான் சொல்வார்கள்.

இத்தகைய கடைக்கு "ஷாப் = பேக்கரி", "அமெனிட்டி = கஃபே" ஆகிய இரண்டையும் ஒரே புள்ளியில் போடலாம். இடப்பாதிகள் வேறுவேறாக இருப்பதால் ஒன்றை ஒன்று அழிக்காது. ஒரே இடப்பாதிக்கு இரண்டு மதிப்புகளைத் திணிக்கும்போதுதான் சிக்கல் வரும். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். டீயே இல்லாமல் ரொட்டி, பன், கேக் மட்டும் விற்றால் பேக்கரி மட்டும் போதும். பலகையில் பேக்கரி என்று எழுதியிருந்தும் உள்ளே டீயும் வடையும் மட்டுமே இருந்தால் கஃபே மட்டும். மிட்டாய்க் கடைக்கும் ஸ்வீட் ஸ்டாலுக்கும் "ஷாப் = கன்ஃபெக்ஷனரி".

பக்கத்திலேயே மாலையில் மட்டும் வந்து நிற்கும் காளான் வண்டியைப் பேக்கரியோடு சேர்க்கக் கூடாது. அது நாள்தோறும் அதே இடத்தில் நிற்குமானால் "அமெனிட்டி = ஃபாஸ்ட் ஃபுட்" என்று தனிப்புள்ளியாக வைத்து, "ஸ்ட்ரீட் வெண்டர் = எஸ்" என்பதையும் மாலை நேரத்தையும் சேர்க்கலாம். இன்று இங்கே நாளை வேறிடம் என்று போகும் வண்டிகளைக் குறிக்க வேண்டாம்.

ஒரே கடைல ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ், ஸ்டேஷனரி, பஸ் டிக்கெட் எல்லாம் இருக்குது. நாலு புள்ளி வெக்கறதுங்களா?

ஒரு கல்லா, ஒரு உரிமையாளர், ஒரு பலகை என்றால் ஒரு புள்ளி. முதன்மையான தொழில் எது என்று கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். ஜெராக்ஸ்தான் முதன்மை என்றால் "ஷாப் = காப்பிஷாப்" போட்டு, மற்றவற்றை "டிஸ்கிரிப்ஷன்" குறிச்சொல்லில் ஒரு வரியாக எழுதுங்கள். அரைப்புள்ளி இட்டு இரண்டு மூன்று மதிப்புகளை ஒரே இடப்பாதியில் அடுக்குவதைச் சிலர் செய்கிறார்கள். பல செயலிகள் அதைப் படிக்கத் தெரியாமல் மொத்தமாக விட்டுவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உள்ளே தடுப்பு வைத்து இருவர் தனித்தனியாகக் கடை நடத்தினால் அப்போது இரண்டு புள்ளிகள்.

துணிக்கடைன்னா எல்லாமே "க்ளோத்ஸ்"தானுங்களே?

ஜவுளியால் வாழும் பகுதியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரே வகையில் அடைப்பது நமக்கு அழகல்ல. தைத்த ஆடையும் சேலையும் வேட்டியும் விற்கும் கடை "க்ளோத்ஸ்". மீட்டர் கணக்கில் துணி வெட்டித் தருவது "ஃபேப்ரிக்". தையல்கடை "டெய்லர்". சென்னிமலையில் படுக்கை விரிப்பும் துண்டும் விற்கும் கடைகளுக்கு "ஹவுஸ்ஹோல்டு லினன்" பொருந்தும். கரூரில் அதே சரக்கை விற்கும் கடைகளுக்கும் அதுவே. பவானி ஜமக்காளம் விற்கும் கடைக்குக் கிடைக்கிற சொற்களில் நெருங்கியது "கார்ப்பெட்". ஜமக்காளம் தரைவிரிப்புதான் என்பதால் அதில் பிழையில்லை, ஆனால் "டிஸ்கிரிப்ஷன்" வரியில் ஜமக்காளம் என்ற சொல்லைக் கட்டாயம் எழுதுங்கள். தேடி வருகிறவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

அடுத்தது மொத்த வியாபாரம். திருப்பூர் காதர்பேட்டையிலும் ஈரோட்டு ஜவுளிக் கடைகளிலும் எது மொத்தம், எது சில்லறை என்பது பார்த்தவுடன் தெரியாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: உள்ளே போய், "ஒரு பனியன் குடுப்பீங்களா?" என்று கேளுங்கள். கொடுத்தால் "க்ளோத்ஸ்". கட்டாகத்தான் தருவோம் என்றால் "ஷாப் = ஹோல்சேல்" போட்டு, இடப்பாதியில் "ஹோல்சேல்", வலப்பாதியில் "க்ளோத்ஸ்" என்று இன்னொரு குறிச்சொல்லும் சேர்க்க வேண்டும்.

பின்னலாடை நிறுவனமும் நூற்பாலையும் கடை அல்ல. அவற்றுக்கு "மேன்மேட் = ஒர்க்ஸ்" என்ற வேறு இனம் உண்டு. ஆலை வாசலில் தனியாக ஒரு விற்பனைக்கூடம் இருந்தால் அதை மட்டும் கடையாகக் குறியுங்கள். பெயரில் "சில்க்ஸ்" என்று முடிந்த ஒரு கடையை நான் வீட்டிலிருந்தபடியே ஆடைக்கடை என்று மாற்றிவிட்டேன். பிறகு நேரில் போனபோது அது நெசவாளர்களுக்குப் பாவு நூலும் சரிகையும் விற்கும் கடை என்று தெரிந்து திருத்தினேன். அன்றிலிருந்து பார்க்காத கடையின் வகையை நான் தொடுவதில்லை.

செவ்வாக்கெழமை மட்டும் கூடற சந்தைய எப்புடிக் காட்டறதுங்க?

சந்தை கூடும் திடலை ஒரு பரப்பாக வரைந்து "அமெனிட்டி = மார்க்கெட்பிளேஸ்" போட்டு, "ஓப்பனிங் அவர்ஸ்" குறிச்சொல்லில் கூடும் கிழமையையும் நேரத்தையும் எழுத வேண்டும். கிழமை இல்லாத சந்தைக் குறிப்பு ஆளை ஏமாற்றும். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவே தொடங்கிச் செவ்வாய்க்கிழமையும் நடப்பது போல, நம் சந்தைகள் பல, கிழமையின் எல்லைக்குள் அடங்குவதில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு இரண்டு நாளையும் குறிக்க வேண்டும். பொள்ளாச்சி, புன்செய்ப் புளியம்பட்டி போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைகளுக்கும் இதே முறைதான். மாடு விற்கும் சந்தையா, காய்கறிச் சந்தையா என்பதை "டிஸ்கிரிப்ஷன்" வரியில் தெளிவாக எழுதுங்கள்.

சந்தைக்குள் விரிப்பு விரித்து உட்காரும் ஒவ்வொருவரையும் புள்ளியாக்க வேண்டாம். ஆனால் திடலைச் சுற்றி நிரந்தரமாக இருக்கும் கடைகளைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். உழவர் சந்தைகளும் "மார்க்கெட்பிளேஸ்" வகைதான். அவை நாள்தோறும் காலையில் கூடுபவை என்பதால் காலை நேரத்தை மட்டும் இடுங்கள்.

உரக்கடை, மஞ்சள் மண்டி, செக்கு, மாவு மில்லு இதெல்லாம் எந்த வகைங்க?

விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் கடை "ஷாப் = அக்ரேரியன்". மஞ்சள் மண்டியும் தேங்காய் மண்டியும் மொத்த வியாபாரம், ஆகவே முன்சொன்ன "ஹோல்சேல்". எண்ணெய் ஆட்டும் செக்குக்கும், அரிசியும் மிளகாயும் கொண்டுபோய் அரைத்து வரும் மாவு மில்லுக்கும் "கிராஃப்ட்" என்ற இடப்பாதி உண்டு. முறையே "ஆயில் மில்", "கிரைண்டிங் மில்" என்று வலப்பாதி வரும். பொருளை விற்பதா, கொண்டுவந்த பொருளில் வேலை செய்து கொடுப்பதா என்று பாருங்கள். பின்னது என்றால் முதலில் "கிராஃப்ட்" பட்டியலைத் தேட வேண்டும்.

டாஸ்மாக் கடையப் போடலாமுங்களா? எங்கூட்டுல திட்டுவாங்க.

இருப்பதைக் காட்டுவதுதான் வரைபடம். கடைக்கு "ஷாப் = ஆல்கஹால்", ஒட்டியிருக்கும் பாருக்குத் தனியாக "அமெனிட்டி = பார்". உங்களுக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம்; யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வேறொருவர் குறித்ததை நீக்க மட்டும் கூடாது.

அண்ணா, பேரைத் தமிழ்ல எழுதறதா இங்கிலீஷ்லயா?

இரண்டிலும் எழுதலாம், அதற்கு வழி இருக்கிறது. "நேம்" என்ற இடப்பாதியில் பலகையில் முதன்மையாக உள்ள பெயர். "நேம்" என்பதோடு முக்காற்புள்ளி இட்டு "டிஏ" சேர்த்தால் தமிழ்ப்பெயர். "இஎன்" சேர்த்தால் ஆங்கிலப்பெயர். கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் உள்ள விதி என்பதால், தமிழ்ப்பெயரை நாமே உருவாக்க வேண்டிய தேவை அரிதாகத்தான் வரும். பலகையில் "ஸ்டோர்ஸ்" என்று தமிழில் எழுதியிருந்தால் அதை "அங்காடி" என்று மாற்றாதீர்கள். தமிழ்ப்பற்று காட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

பலகையே இல்லாத கடைக்குப் பெயர்க் கட்டத்தில் "மளிகைக்கடை" என்று எழுதுவதும் தவறு. அது வகை, பெயர் அல்ல. வகையைச் சரியாகப் போட்டுவிட்டுப் பெயரை வெறுமையாக விடுங்கள்.

நேர்ல போவாம, கூகுள் மேப்புலயும் மத்த வெப்சைட்லயும் பார்த்து வகைய எடுத்துப் போட்டா என்னங்க?

கூடாது. அந்தத் தரவு அவர்களுடையது. எடுத்துப் போட்டால் நம் வரைபடத்தின் உரிமமே கெட்டுவிடும், கண்டுபிடித்தால் உங்கள் திருத்தங்கள் அனைத்தும் நீக்கப்படும். முதல் பதிலில் சொன்ன சுதந்திரம் நமக்கு இருப்பதே, ஒவ்வொரு புள்ளியும் நேர்மையான வழியில் வந்தது என்பதால்தான். நீங்கள் நேரில் பார்த்தது, நீங்களே எடுத்த படம், பயன்படுத்த அனுமதி உள்ள மேப்பில்லரி போன்ற தெருப்படங்கள், உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கே தெரிந்தது ஆகியவை போதும்.

எங்க வீதில ஒரு அக்கா வீட்லயே ரவிக்கை தெக்கறாங்க. அவங்களையும் சேத்துப்போடட்டுங்களா?

வாசலில் பலகை இருந்து, முன்பின் தெரியாதவரும் வந்து துணி கொடுக்கலாம் என்றால் சேர்க்கலாம். பலகை இல்லாமல் அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் தைத்துக் கொடுக்கிறார் என்றால் அது அவருடைய வீடு. வீட்டை நாம் கடையாக்கக் கூடாது. அவரிடமே கேட்டு, அவர் விரும்பினால் மட்டும் சேருங்கள். கைப்பேசி எண்ணையும் அப்படியே: பலகையில் பொதுவாக எழுதியிருந்தால் ஒழியச் சேர்க்க வேண்டாம்.

கடை மூடிட்டாங்க. அழிச்சுப்போடலாமுங்களா?

கதவு சாத்தியிருப்பதைக் கண்டு முடிவெடுக்க வேண்டாம். கோயில் விசேஷத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போயிருப்பார்கள். பக்கத்துக் கடையில் கேளுங்கள். உண்மையாகவே மூடி, இடம் காலியாக இருந்தால் இடப்பாதியை "டிஸ்யூஸ்டு" முன்னொட்டுடன் "டிஸ்யூஸ்டு : ஷாப்" என்று மாற்றுங்கள். அதே இடத்தில் வேறு கடை வந்துவிட்டால் அந்தப் புள்ளியிலேயே பெயரையும் வகையையும் மாற்றி, பழைய கடையின் நேரம், எண் முதலியவற்றை மறக்காமல் நீக்குங்கள். பேக்கரியின் நேரத்தோடு நகைக்கடை நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"டிபார்ட்மென்டல்"னு பேரு இருக்கறதையெல்லாம் தேடி எடுத்து ஒரேயடியா சூப்பர்மார்க்கெட்டா மாத்தீட்டா வேலை முடிஞ்சுதுல்லீங்களா?

தேடி எடுப்பது நல்லது. ஓவர்பாஸ் டர்போ என்னும் தளத்தில் ஒரு மாவட்டம் முழுவதும் இப்படிப்பட்ட கடைகளைச் சில நொடிகளில் பட்டியலிடலாம். ஒரேயடியாக மாற்றுவதுதான் தவறு. அந்தப் பட்டியலில் பாதி "கன்வீனியன்ஸ்" ஆக இருக்கலாம், ஒன்றிரண்டு உண்மையிலேயே பேரங்காடியாக இருக்கலாம். பார்க்காமல் மொத்தமாக மாற்றுவதை இயந்திரத் திருத்தமாகக் கருதுகிறார்கள். முன்கூட்டியே சமூகத்தில் விவாதித்து, திட்டத்தை எழுதிவைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும் என்ற நெறி உள்ளது. பட்டியலை எடுத்து ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு, அந்தந்த ஊர்க்காரர் போகிற வழியில் பார்த்துத் திருத்துவதே நாம் பின்பற்றும் முறை. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் மறுபடி திருத்த வேண்டி வராது.

நான் நேர்ல பாத்துத்தான் போட்டேன். வெளியூர்க்காரர் ஒருத்தர் திருப்பி மாத்தறாரு. என்ன பண்றதுங்க?

நீங்களும் உடனே திருப்பி மாற்றாதீர்கள். ஒவ்வொரு திருத்தத் தொகுப்பின் கீழும் கருத்து எழுத இடம் இருக்கிறது. எந்த நாளில் பார்த்தீர்கள், உள்ளே என்ன விற்கிறார்கள் என்று அங்கே பணிவாக எழுதுங்கள். நேரில் கண்டதற்கே இந்த வரைபடத்தில் முதலிடம் என்பதால் பெரும்பாலும் அவர் ஏற்றுக்கொள்வார். சில நேரங்களில் அவர் சொல்வதே சரியாகவும் இருக்கும். மருந்துக் கடைக் கேள்வியில் நடந்தது அதுதான். திருத்தம் செய்யும்போதே "கடைவீதியில் நேரில் பார்த்து வகை சேர்த்தேன்" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பாதிச் சச்சரவு எழவே எழாது.

மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்கு எந்த வகையும் பொருந்த மாட்டேங்குது. நானே ஒரு வகை உண்டாக்கலாமுங்களா?

பம்புசெட்டுக்குப் பேர்போன பகுதியில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புதுச்சொல் போடத் தடையில்லை. ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும் போடும் சொல்லை எந்தச் செயலியும் அறியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் போட்டால் ஒரே தொழில் பத்துச் சொற்களாகச் சிதறிவிடும். டேக்இன்ஃபோ என்னும் தளத்தில் ஒரு சொல்லை உலகம் முழுவதும் எத்தனை இடங்களில் பயன்படுத்தியுள்ளார்கள் என்று பார்க்கலாம். ஏற்கெனவே புழக்கத்தில் ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் "ஷாப் = எஸ்" என்றே விட்டு, "மோட்டார், பம்பு காயில் கட்டுதல்" என்று "டிஸ்கிரிப்ஷன்" வரியில் எழுதிவிடுங்கள். "எஸ்" என்பதைத் திருத்தத்தானே இவ்வளவும் என்று நீங்கள் கேட்கலாம். எலக்ட்ரிக்கல் என்று தவறாகப் போட்டால், அது தவறு என்பதே அடுத்து வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். ஒயர் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். "எஸ்" என்றும் விளக்கம் ஒரு வரியும் இருந்தால், சரியான சொல் உருவாகும் நாளில் அவற்றை எளிதாகத் தேடி எடுத்து மாற்றலாம்.

எங்க ஊர்க் கடைவீதி முழுசும் முடிச்சுட்டேன். இனி என்னங்க வேலை?

மீண்டும் ஒருமுறை அதே வீதியில் நடக்க வேண்டும். பார்த்த நாளை "செக் டேட்" குறிச்சொல்லில் இட்டு வைத்திருந்தால் எந்தக் கடையைப் பார்த்து நாளாயிற்று என்று தெரியும். நம் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் புதுக்கடை திறப்பவர்கள் குறைவு. ஆவணியிலும் தையிலும்தான் பால் காய்ச்சிக் கல்லாவில் உட்காருவார்கள். ஆகவே ஆவணி முடிந்து ஒரு சுற்று, தை முடிந்து ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் போதும். முதல்முறை அரைநாள் எடுத்த வீதி இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாசலில் வாழை மரமோ மாவிலைத் தோரணமோ காய்ந்து தொங்கும் கடைகளை முதலில் பாருங்கள்.